இழுத்த கோடு

நீர் வற்றி, சேறு முகம் காட்டியதும்
டொகுபோ படகை அலையாத்தி வேரில் கட்டுவான்.
அக்குள் கட்டைகள் இரண்டையும் முதலில் எறிவான்,
பிறகுதான் தான் இறங்குவான்.
புதையாமலிருக்கக் கட்டைகளின் அடியில்
பால் டின் மூடிகளை ஆணியடித்திருக்கிறான்.

நியூ கலபார் ஆற்றின் இந்தக் கழிமுகத்தில்
மூன்று மழைக்காலமாக
ஒரு மீனின் நடையை எண்ணுகிறேன்.
விரலளவு மீன். உச்சந்தலையில் கண்.
நீர் போனாலும் கூடப் போகாமல்
சேற்றிலேயே தங்கிவிட்ட பிடிவாதம்.

'நடை என்று எழுத வேண்டாம்,
கால் இருந்தால்தானே நடை'
என்று கட்டுரையைத் திருப்பியனுப்பிய யாரோ
ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

விநாடிக்கு இருநூற்று நாற்பது படம்.
மார்புத் துடுப்பு இரண்டும் ஒன்றாக முன்னே போகும்,
ஒன்றாக ஊன்றும்,
உடம்பு அவற்றைத் தாண்டிப் பொத்தென்று விழும்.
மறுபடியும்.
வால் சும்மா பின்னால் வரும்.
சும்மா என்றுதான் எழுதியிருந்தேன்.
சேற்றில் அது இழுத்த கோட்டை
கணக்கைக் குழப்புகிறதென்று
படம் படமாக அழித்திருந்தேன்.

ஒரு மதியம், தார்ப்பாய் நிழலில்,
மரவள்ளிக் களி ஒட்டிய விரல்களோடு
டொகுபோ திரையை எட்டிப் பார்த்தான்.
"என்னை எப்போது படம் பிடித்தாய்?"
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
"மேடு ஏறுகிறதைப் போடு."
போட்டேன்.
"கோடு எங்கே?"
எந்தக் கோடு?

நான்கு வயதில் காய்ச்சல் தின்ற இடது காலை,
வீட்டிலிருக்கும் பழைய சாமானைப்போலத்
தட்டிக் காட்டினான்.
"சமதரையில் இது சுமை, ஒத்துக்கொள்கிறேன்.
கரை ஏறும்போது
கட்டை இரண்டும் ஒரு நொடி காற்றில் இருக்குமே,
அப்போது நான் சரியாமல் பிடித்துக்கொள்வது யார்?
செத்த கால் என்கிறார்கள்.
காலைக் கேட்டதில்லை ஒருவரும்."

அன்றிரவு ஜெனரேட்டர் நிற்கும்வரை
அழித்ததையெல்லாம் மீட்டேன்.
மேட்டுப் படங்கள் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டில்
துடுப்புகள் எழும் அந்தத் துளி இடைவெளியில்
வால் சேற்றைக் குத்தி நிற்கிறது.
அங்கே கோடு, கோடாகவே இல்லை.
புள்ளி. புள்ளி. புள்ளி.

நீருக்குள் தள்ளுவது வால், துடுப்பு திசை சொல்லும்.
கரையில் வேலை கைமாறியது,
ஆனால் முழுதாக அல்ல.
கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்
வேறொரு மீன், வேறொரு சேற்றில்
இதே பண்டமாற்றைச் செய்துவிட்டு
நமக்கு முழங்கால் வலியை விட்டுப்போனது.
இது அதன் வாரிசல்ல.
தாமதமாக வந்து
தானே ஒரு வழி பார்த்துக்கொண்டது.

இன்று ஓதம் எனக்குமுன் திரும்பிவிட்டது.
பெட்டியும் காமிராவுமாக ஓடினேன்,
சேறு முழங்காலைக் கவ்வியது.
ஒரு காலை உருவினால் மற்றது இறங்குகிறது.
டின் மூடிகள் சப்பென்று ஒட்டி, சப்பென்று விட,
டொகுபோ திரும்பிப் பாராமல் படகுக்குப் போய்விட்டான்.

பெட்டியை முதுகில் கட்டி
காமிராவைப் பல்லில் கவ்வி
குப்புற விழுந்தேன்.
உள்ளங்கை இரண்டையும் ஒன்றாக ஊன்றி,
மார்பைத் தூக்கி, இழுத்து,
ஊன்றி, தூக்கி, இழுத்து.
வேர்களுக்கிடையில் ஒரு மீன்
கண்களைக் குழிக்குள் இழுத்து
மறுபடி வெளியே விட்டது.

படகிலிருந்து டொகுபோ கத்துகிறான்:
"காலையும் சேர்த்துக்கொள்!"