பதினேழாம் ஆணி

எங்கள் ஊருக்கென்று யாரும் வருவதில்லை.
இங்கிருந்து கிளம்பத்தான் வருகிறார்கள்:
பனியாற்றுக்கு, எதிர்க்கரைக் குகைக்கு,
ட்ரவுட் மீன் கடிக்கும் ஆற்றுமுகத்துக்கு.
பேருந்தைவிட்டு இறங்கியதும் முதல் கேள்வி
"படகு எத்தனை மணிக்கு?"
புவெர்ட்டோ லெஞ்சா என்று பேர் எழுதிய பலகையில்
ஈரச் சட்டையைக் காயப்போடுகிறார்கள்.

ஜனவரியில் எடெல்மிரா
நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவாள்.
மலையேறுகிறவர்களுக்கு ரொட்டி சூடாக வேண்டும்.
மிஞ்சியது எங்களுக்கு, ஒன்பதுக்கு மேல்.
ரொசாமெல் கூடாரம் வாடகைக்கு விடுகிறான்;
ஒரு ராத்திரிகூட அதில் படுத்ததில்லை,
இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம்.

என்னிடம் இருபத்துநாலு கயாக்.
சுவரில் ஒரு பலகை, இருபத்துநாலு ஆணி,
ஆணிக்கொரு தகர வில்லை.
எடு, கழுத்தில் மாட்டு, திரும்பிவந்து தொங்கவிடு.
இவ்வளவுதான் என் சட்டம்.
மதியம் இரண்டுக்கு மேல் மேற்கே காற்று எழும்,
நீலம் கறுக்கும் என்று சொல்வேன்.
தலையாட்டிக்கொண்டே
சன்ஸ்கிரீன் பூசுவார்கள்.

அன்று மாலை இருபத்துமூன்று வில்லை.
பதினேழு இல்லை.
ஆறு. ஏழு. இங்கே வெளிச்சம் பத்து வரைக்கும் நிற்கும்,
அதனால் பயம் தாமதமாகத்தான் வரும்,
வந்தால் மொத்தமாக வரும்.
எட்டரைக்கு ரொசாமெல் கடையை அப்படியே விட்டு ஓடிவந்தான்.
எடெல்மிரா மாவுக் கையோடு.
பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியாரின் டிராக்டர்,
யாருடையதென்று தெரியாத மூன்று நாய்.
லாஞ்சு இரண்டு, அலையில் ஏறி இறங்கிப் போயின.
இருட்டியதும் கரை நெடுக வண்டிகளை நிறுத்தி
முகப்பு விளக்கை ஏரிமேல் எறிந்தோம்.

பேர்கூடத் தெரியாது.
நோட்டில் அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல.
பேர் தெரியாத ஒருத்தியை எப்படிக் கூப்பிடுவது?
"பதினேழூ" என்று கத்தினோம்.
தண்ணீர்மேல் அந்த எண் போய்க்கொண்டே இருந்தது.

நள்ளிரவு தாண்டி நவேல்தான் கண்டான்:
பழைய தோணித்துறையில்
கவிழ்த்து, கயிறு கட்டி, துடுப்பை அடியில் செருகி,
சொல்லிக்கொடுத்தபடியே வைத்திருந்தாள் பதினேழை.
மூன்று மணிப் பேருந்தில் போயிருக்கிறாள்.

யாரும் திட்டவில்லை.
வாத்தியார் மட்டும் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே
என்னமோ முனகினார்.
அன்றைக்கு முதல் தட்டு ரொட்டி எங்களுக்கு.
மாத்தே கிண்ணம் கைமாறிக் கைமாறி விடிந்தது.
ஊரே ஒரே நேரத்தில்
ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது,
வந்தவர்கள் பார்ப்பதுபோல.

ஏப்ரலில் சான்டியாகோ முத்திரையோடு ஓர் உறை.
உள்ளே தகர வில்லை, ஒரு துண்டுச் சீட்டு:
"கழுத்திலேயே மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.
ஊர் பேர் நினைவில்லை,
பேருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுகிறேன்."

மாட்டிவிட்டேன். அது நேராகத் தொங்குவதில்லை;
கயிறு அறுந்திருக்கும் போல, சிவப்பு நூல் கோத்திருக்கிறாள்.
இனிப் பதினேழை வாடகைக்கு விடலாமா என்று
நவேல் தயங்கிக் கேட்டான்.
விடாமல்?
இந்த ஜனவரியில்
முதலில் தண்ணீரில் இறங்கியதே அதுதான்.