மீதிப் பத்து

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
என் போட்டோஸ்டேட் கடை.
ஒரு பக்கம் பத்துக் காசு.
மேல்முறையீட்டுக் கடிதம் ஐந்து வெள்ளி,
இல்லாதவர்களுக்கு இரண்டு.

பல்கலைக்கழக முடிவு வந்த மறுநாள்
காகிதக் கட்டுகளை இரட்டிப்பாய் இறக்கி வைப்பேன்.
கணினியில் இருப்பது ஒரே கடிதம்தான்,
பதினொரு வருடமாக.
பெயரை மாற்றுவேன், அடையாள அட்டை எண்ணை மாற்றுவேன்,
மருத்துவம் இருந்த இடத்தில் கணக்கியல் வரும்.
'மிகத் தாழ்மையுடன் இறைஞ்சுகிறேன்' மட்டும்
யாரும் நகர்த்தாத பீரோ மாதிரி
அங்கேயே நிற்கும்.

எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்பார்கள்.
நான் நகல் எடுக்கிறவன், கணக்கெல்லாம் வைப்பதில்லை என்பேன்.
பொய்.
நூற்று நாற்பத்தாறில் பதினேழு.

லோஷினி வந்தாள், இரண்டாம் டிவிஷன்காரி.
உரக் கம்பெனி இலவசமாகத் தந்த பையில் சான்றிதழ்கள்.
எஸ்.டி.பி.எம்.மில் நாலுக்கு நாலு.
அதற்கு மேல் எண் கிடையாது.
'தொண்ணூறுக்குத் தொண்ணூறுண்ணே,
மீதிப் பத்தில்தான் மூணு.'

மீதிப் பத்து என்பது புறப்பாடம்.
திடல், மேடை, சீருடை, முரசு.
புதன்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும்.
தோட்டத்துப் பஸ் ஒன்றே முக்காலுக்கு;
விட்டால் அடுத்தது மறுநாள் விடியலில்.

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
மாவட்டம். மாநிலம். தேசியம். அனைத்துலகம்.
பஸ் இல்லை.

கூட வந்திருந்தாள் அய்னுல்.
ஐந்தாம் படிவம்வரை ஒரே மேசை.
எஸ்.பி.எம்.மில் இவளுக்கு ஒரு ஏ அதிகம்;
மெட்ரிகுலேஷன் அவளுக்கு வந்தது.
இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடித்து விடுமுறை.
அதைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை.
ஹெல்மெட்டின் வாரைப் பிரித்தாள், மாட்டினாள், பிரித்தாள்.
பிறகு மலாயில் என்னிடம் சொன்னாள்:
'பஸ்ஸை எழுதுங்கள் அண்ணே.
நெட்பாலைக் கையில் வைத்துக்கொண்டு
திடலிலிருந்து பார்ப்பேன்.
ஏறி உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்துவிடுவாள்.
நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?'

சாட்சிக்கும் கட்டம் இல்லை.

பெயரை மாற்றி அச்செடுத்து நீட்டினேன்.
நின்றபடியே படித்தாள் லோஷினி.
'இறைஞ்சுகிறேன் வேண்டாம்ணே.'
'மலாயில் அந்தச் சொல்லே அப்படித்தான் தங்கச்சி,
மேல்முறையீடும் ரயுவான்,
காதலன் கெஞ்சினாலும் ரயுவான்.'
'நான் யாரையும் காதலிக்கலையே.
கேட்கிறேன்னு போடுங்க லா.'

அய்னுல் சிரித்துவிட்டாள். நானும்தான்.
அழித்தேன்.
பதினொரு வருடச் சொல் போக
ஒரு நொடிகூட ஆகவில்லை.

கடையை அவர்களிடம் விட்டுவிட்டு
நிலையத்துக்கு நடந்தேன்.
துருப்பிடித்த நேர அட்டவணைப் பலகையை,
பறவை எச்சத்தோடு, கைப்பேசியில் படம் பிடித்தேன்.
ஒன்று முதல் மூன்றுவரை சான்றிதழ்கள்.
இணைப்பு நான்கு: பஸ்.
அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

அவர்கள் போனபின் கணினி கேட்டது,
மாற்றங்களைச் சேமிக்கவா?
அடுத்து நின்றது ஒரு தகப்பன்,
கையில் மடித்த ஐந்து வெள்ளி,
'நல்லா பணிவா எழுதிக் குடுங்க தம்பி' என்றார்.
விரல் கொஞ்சம் தயங்கியதை மறைக்க மாட்டேன்.
சேமித்தேன்.

மூன்று வாரமாகிறது. பதில் இல்லை.
பதினெட்டு என்று எழுதப்
பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

ஒன்றே முக்கால்.
கடை வாசலைக் கடக்கிறது தோட்டத்துப் பஸ்.
ஜன்னலோரம் வேறொருத்தி,
மடியில் நோட்டு.

இன்று புதன்கிழமை.