கட்டைவிரல் என்னுடையது

ஜெனோன்,
உன் புதிய கடையைத் திரையில் பார்த்தேன்.
வாழ்த்துகள்.
பதினாறாவது படத்தில்
ஆமையோட்டு நிறப் பொத்தானைப் பிடித்திருக்கும்
கட்டைவிரல் என்னுடையது.
நகத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே,
அது டிராம் கதவு போட்டது.

ஒரு மணிநேரம் கோபமாகத் தட்டச்சு செய்தேன்.
அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.
வூச் நகரில் இந்தப் பக்கம் பொத்தான் விற்பது
நாம் இரண்டு பேர்தான்.
ஒருவர் மூடினால்
மற்றவருக்குப் புலம்ப ஆளில்லை.

முதலில் வெளிச்சம்.
வடக்கு ஜன்னல், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை.
டிசம்பரில் அதுவும் கிடையாது,
அக்டோபரிலேயே எடுத்து வைத்துக்கொள்.
பக்கத்தில் ஒரு நாணயம் வை, அளவையும் எழுது.
'பெரியது' என்ற சொல்லை யாராலும்
கோட்டில் தைக்க முடியாது.
பதினெட்டு மில்லிமீட்டரைத் தைக்கலாம்.

கீறல் இருந்தால்
கீறலையே முதல் படமாகப் போடு.
நான் நான்காவதாகப் போட்டேன்.
கிடினியாவிலிருந்து கிராஷினா என்றொரு அம்மாள்
ஒற்றை நட்சத்திரம் கொடுத்தாள்.
இரவு பதினொன்றரைக்கு
நான் அவளுக்குப் பதில் எழுதினேன்.
உண்மையான கீறல் அதுதான்.
நட்சத்திரமும் பதிலும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன,
வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள்.

கோபத்துக்குக் காலையில் பதில் சொல்,
காபிக்குப் பிறகு.
நான்கு வரி போதும்.
ஒன்றில் 'மன்னிக்கவும்' இருக்கட்டும்,
எதிலும் 'ஆனால்' வேண்டாம்.

அடுத்தது பணம்.
பொத்தான் நான்கு ஸ்வோட்டி என்று போட்டிருக்கிறாய்.
என்னைவிட ஒன்று குறைவு. சரி.
உறை, பசைநாடா, தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு,
இதெல்லாம் கூட்டினாயா?
பார்சல் லாக்கர்வரை நடக்கும் முழங்காலை?
ஏழு வருடம் நான் முழங்காலைக் கூட்டவில்லை.
கூட்டிய அன்றுதான் தெரிந்தது,
நடந்தது வியாபாரமில்லை, அன்னதானம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
'அனுப்பும் செலவு இலவசம்' என்று
சிவப்பில் எழுதியிருக்கிறாய்.
அதை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.
பெரும்பாலும் நீதான்.

நல்ல தராசு வாங்கு.
சமையலறைத் தராசு ஐந்து கிராம் பொய் சொன்னால்
கேக் மன்னித்துவிடும்.
தபால் மன்னிக்காது.

சென்ற பிப்ரவரியில்
தளம் என் கணக்கை ஒன்பது நாள் முடக்கியது.
காரணம் சொல்லவில்லை,
கேட்ட கேள்விக்கு ஓர் இயந்திரம் நன்றி சொன்னது.
முந்நூறு பேர் என்னிடம் வாங்கியவர்கள்,
ஒருவருக்கும் சொல்லி அனுப்ப வழியில்லை.
வாடகை வீட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
இப்போது ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு வைக்கிறேன்:
'விருப்பமிருந்தால் உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்.'
நூற்றில் பத்துப் பேர் தருகிறார்கள்.
அந்தப் பத்துப் பேர்தான் கடை.

ஒற்றைப் பொத்தான் கேட்பவரை விரட்டாதே.
ஒருவர் தொலைந்த பொத்தானின் படம்கூட இல்லாமல்
நூல் தொங்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.
தேட இரண்டு மாலை ஆனது. லாபம் இல்லை.
ஆனால் அவர் திரும்பி வருவார்,
அந்தக் கோட்டில் மிச்சமுள்ள ஐந்தும்
விழப்போகிறவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை
வேறொரு அறையில் வை.
இதை நான் இன்னும் செய்ததில்லை,
சொல்வதற்கென்ன.

படத்தை நாளை மாலைக்குள் எடுத்துவிடு.
உன் விரலை வை, நகத்தை வெட்டிவிட்டு.
நாம் இருவரையும் நேரில் பார்க்காதவர்கள் காசு அனுப்புகிறார்கள்.
பொத்தானைப் பிடித்திருக்கும் கை
யாருடையது என்றாவது
அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

– ஹலினா

பி.கு.: அந்த ஆமையோட்டு நிறம், பதினெட்டு மில்லிமீட்டர்,
உன்னிடம் நிஜமாகவே இருக்கிறதா?
எனக்கு ஓர் ஆர்டருக்கு நாற்பது குறைகிறது.
மொத்த விலை சொல்.
முழங்காலையும் சேர்த்துச் சொல்.