நான்கு துளைகள்

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் லிஃப்ட்
ஒற்றைப்படை மாடிகளில் மட்டுமே நிற்கும்.
அதனுள் நேற்று முன்தினம் ஒரு காகிதம்:
கானவில்லை. பெயர் குண்டு.
கூப்பிட்டால் வரும்.
மூன்று சுழிக்கு இரண்டே போட்டிருந்தாள் எழுதியவள்.
கீழே, நீல மையில், ஐந்தாம் மாடி.

குண்டு அப்போது எட்டாம் மாடியில்
என் குளியலறை வாளிக்குப் பின்னால் இருந்தது.
ஒன்று புள்ளி ஒன்பது கிலோ.
பதினோரு நாளாக.

நைட் ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய காலையில்
குப்பை அறைக்குப் பக்கத்தில்
நாற்றம்தான் முதலில் என்னைக் கூப்பிட்டது.
கழுத்துப்பட்டை தோலுக்குள் போயிருந்தது.
சதை அதன்மேல் மூடத் தொடங்கியிருந்தது,
வேலிக்கம்பியை மரம் விழுங்குமே, அப்படி.

மருத்துவர் லிம் இரண்டு முறை கத்தரி மாற்றினார்.
முந்நூற்று எண்பது வெள்ளி.
"யாருடையது என்று தெரிந்தால்
எனக்குச் சொல்லாதே" என்றார் மலாயில்.
வெட்டிய பட்டையைக் கழுவி
ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கியின் கீழ் ஈயப் பற்று பார்ப்பது.
தேறினால் பச்சைத் தட்டு. தேறாவிட்டால் சிவப்பு.
எட்டு வருடத்தில் ஒரு பலகையைக்கூட
கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்ததில்லை.
நேற்று ரோஸ்னா வந்து தோளைத் தொட்டாள்:
உடம்பு சரியில்லையா?

ஐந்தாம் மாடிக்குப் பூனையைக் கொண்டுபோகவில்லை.
பையை மட்டும் கொண்டுபோனேன்.
படியிறங்கும்போதே வசவுகளை அடுக்கி வைத்திருந்தேன்,
பட்டர்வொர்த் மீன் மார்க்கெட்டில் கற்றவை,
ஒரு படிக்கு ஒன்று.

லாரி கம்பெனிச் சட்டையோடு
கோபிநாதன் கதவைத் திறந்தார்.
பட்டையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.
ஐந்து துளை. கொக்கி ஆகக் குறுகியதில்.
மற்ற நான்கும் புதுசு, ஓரம்கூடத் தேயவில்லை.
வெட்டுப்பட்ட இரு முனையையும் சேர்த்துப் பிடித்து
வளையத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.
மூன்றாவது விரல் போகவில்லை.

"போட்டப்ப தொளதொளன்னுதான்க்கா இருந்துச்சு."

பொய்யில்லை. அதுதான் எனக்குத் தொல்லையாகிவிட்டது.
உள்ளங்கையில் அடங்கிய குட்டிக்குப் போட்டது.
அது இங்கே வளர்ந்துகொண்டிருந்தபோது அவர்
அலோர் ஸ்டாருக்கும் ஈப்போவுக்கும்
சிமென்ட் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.
வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் இடுப்புக்குப் பின்னாலிருந்து
ஒரு முகம் எட்டிப் பார்த்தது. துவாஷினி.
ஒன்பது வயதிருக்கும். இன்னும் சீருடையில்.
"குண்டு சாப்பிடுதா?"
சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து மடித்து
செருப்புபோல மாட்டியிருந்தாள்.
குதிகால் வெளியே நின்றது, தோலுரிந்து.

அடுக்கியதில் ஒன்றும் வாயில் வரவில்லை.
"சாப்பிடுது" என்றேன். "சனிக்கிழமை பார்க்கலாம்."
எதைப் பார்க்கலாம்?

நாளை சனி.
குண்டு வாளியை விட்டு வெளியே வந்து
சோற்றுப்பானை மூடிமேல் படுத்திருக்கிறது, சூட்டுக்கு.
கழுத்தைச் சுற்றி மயிரில்லாத இளஞ்சிவப்பு வட்டம்.
நான் குனிந்தால் இன்னும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறது.

கொடுக்கக் கூடாது.
இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சிவப்புத் தட்டு.
ஆனால் கொடுக்காவிட்டால்
அந்தக் கதவை மறுபடி தட்ட
எனக்கு ஒரு காரணமும் இருக்காது.
கொடுத்தால், வாரம் ஒருமுறை இறங்கிப் போய்
கழுத்தில் விரல் விட்டுப் பார்க்கிறேன் என்று
உட்கார்ந்துகொள்ளலாம், தண்ணீர் கேட்கலாம்,
வாசலில் கழற்றிப் போட்டதையெல்லாம் பார்க்கலாம்.
அதற்காக ஒரு பூனையை அனுப்புவதா?
வாளிக்குப் பின்னால் பதினோரு நாள் இருந்த பூனையை?

பஸ் வர இருபது நிமிடம்.
கட்டைவிரலை மடக்கி மடக்கி
அந்தக் குதிகால் எவ்வளவு வெளியே நின்றது என்று
ஞாபகத்தில் அளந்துகொண்டிருக்கிறேன்.
ஒரு விரற்கடை.
ஒன்றரையும் இருக்கும்.