நான்காம் தடத்தில் ஒரு பூனை

நீலச் சட்டையை ஏழு முறை துவைத்தேன்.
கழுத்துப் பட்டையின் லேபிளைப்
பிளேடால் கீறி எடுத்து
நூல் முனைகளையும் பிடுங்கிய பிறகு
ஆறு நிமிடம் போட்டிருந்தான்.

"ஒரு நாள் லீவு போட்டுறலாமே?" என்றாள் தங்கை.
போன வருஷம் அதைத்தான் செய்தோம்.
அன்று முழுக்க ஜன்னலில் நின்று
தூரத்து ஒலிபெருக்கியைச்
சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான்:
"நீல அணி, நீல அணி, தயாராகவும்."

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
ஐஸ்பெட்டிக் கதவில் அட்டைகள் ஒட்டினேன்.
கூடாரம். வரிசை. மழை வந்தால் மண்டபம்.
மைலோ லாரி, அதன் காகிதக் கோப்பை.
வீட்டு மைலோவின் ருசி இருக்காது,
அதையும் எழுதினேன்.

விமானங்களுக்கு யுவனேஷ் பயந்ததில்லை.
சுங்கை ஆராவின் கூரைகளை உரசுவதுபோல் இறங்கினாலும்
அவற்றுக்கு ஒரு நேரம் இருக்கிறது, அவனுக்குத் தெரியும்.
விசில்தான்.
கைபேசியில் பதிந்து
சோறு தின்னும்போது ஒலி ஒன்றில் வைத்தேன்,
மறுநாள் இரண்டில்.
நான்கில் தட்டு பறந்தது.
மறுபடி ஒன்று.

வியாழன் மாலை, ஆளில்லாத திடல்.
காவலர் பாக் மாட் கேட்டைத் திறந்துவிட்டு
எதுவும் கேட்காமல் போய் உட்கார்ந்தார்.
புதுச் சுண்ணாம்புக் கோடுகள்.
நான்காம் தடத்தின் பாதியில்
ஒரு வெள்ளைப் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது.
எழுப்ப மனமில்லை.
"சுத்திப் போலாம்" என்றேன்.
சுற்றி ஓடினோம், மூன்று தரம்.

சனிக்கிழமை
விசில் ஊதினார்கள். காதைப் பொத்தினான்,
பொத்திய கையோடே ஓடினான்.
ஐந்து பையன்கள் முன்னே. கூடாரம் முழுக்கக் கத்தல்.
பாதித் தடத்தில்
வெறும் புல்லைச் சுற்றி
வளைந்து, மெதுவாக, மிதித்துவிடாமல்,
மறுபடி கோட்டுக்குள் வந்தான்.

பக்கத்து நாற்காலிக்காரர் உச்சுக் கொட்டினார்.
கடைசியாகத்தான் வந்தான்.
புஷ்பலீலா டீச்சர் குனிந்து என்னிடம்,
"அங்க என்ன இருந்துச்சு?"
பூனை என்றேன்.
எங்கே என்று அவர் தேடிப் பார்த்தார்.
நானும் பார்த்தேன், ஏனோ.

மைலோவை ஒரு வாய் குடித்துவிட்டு
என் கையில் தந்தான். "வீட்டுது இல்ல."
ஆமாம், அட்டையில் இருக்கிறது.

அடுத்து பரிசளிப்பு விழா.
கைதட்டல்.
இன்றிரவே தொடங்கிவிட்டோம்.
உள்ளங்கையில் ஒற்றை விரலால்
நான் தட்டுகிறேன்.
அவன் சொன்னால்தான்
இரண்டாவது விரல்.