ஒரு மருந்துப் போத்தல் மண்ணெண்ணெய்

அதற்கொரு பெயர் இருந்ததென்று
நேற்றிரவுதான் அறிந்தேன்.
நாங்கள் அதைச் சாம்பல் கப்பல் என்றோம்.
பெயர் ஓடுகிற நேரத்தில்
ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இன்னும் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார்,
கொஞ்சம் பெற்றோல் காட்டினால் கிளம்பி
மண்ணெண்ணெய்க்கு மாறும்போது இருமுகிற ஜெனறேற்றரோடு.
படம் விழும்போது
கப்பல் ஏற்கெனவே வானத்தில் நிற்கும்.

பாசையூரில், கடலுக்கு முதுகு காட்டிய ஓர் அறை.
உள்ளே போவதற்கு
மருந்துப் போத்தலில் கழுத்துவரை மண்ணெண்ணெய்.
கழுத்துக்குக் கீழே என்றால்
யன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.
நான் பெரும்பாலும் யன்னல்.

அக்கரையிலிருந்து வந்த அலை.
கமுகில் கட்டிய அன்ரெனாவை
றெஜினோல்ட் ஏறித் திருப்பினால்
கப்ரனுக்கு ஒரு முகம் வரும்;
இன்னும் திருப்பினால் இரண்டு.
குரல் மட்டும் வராது.
ஸ்பீக்கர்க் கடதாசியை எலி தின்று
ஒரு வருஷமாகியிருந்தது.

ஆகவே நாங்கள் பேசினோம்.

றெஜினோல்ட் கப்ரன்.
மிச்சம் எல்லாரும் நான்:
தலைக்கவசத்துக்குள் செடி வளர்க்கிற பெண்,
மூன்று விரல் வைத்தியர்,
தானாகத் திறக்கிற கதவும்கூட.
கதவுக்கு ஒரே வசனம்தான்,
"பாஸ் இருக்கா?"
பெரியவர்கள் சிரித்துவிட்டு
வாசலைப் பார்ப்பார்கள்.

ஆறாம் பாகமோ ஏழோ,
கப்ரன் கண்ணாடியில் நெற்றியை வைத்து
நெடுநேரம் வாயசைப்பார்.
றெஜினோல்ட் கமுகில் நின்றான். நான் முந்திக்கொண்டேன்:
"நாங்கள் போகிற இடம்
எங்களுக்கு முதலே வெளிக்கிட்டுப் போயிற்று."
அறைக்குள் இருந்தவர்கள் எல்லாரும்
ஒருதரம் யன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழுதிய முதல் வரி அது.
பேட்டிகளில் வேறு என்னவோ சொல்லியிருக்கிறேன்.

பிறகு இடப்பெயர்வு.
ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை ஜெனறேற்றரைச் சைக்கிளில் கட்டினார்.
ரீவியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி
சாக்கால் மூடினார்,
காய்ச்சல்காரனை மூடுவதுபோல.

இப்போது கொழும்புத்துறையில் என் மேசை.
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒருவன்
மூன்று மாதமாகக் கதவடியில் நிற்கிறான்,
உள்ளே விட எனக்கு வழி தெரியவில்லை.
அவனைத் தப்பி ஓடித்தான்
நள்ளிரவில் தேடினேன்:
செடி, தலைக்கவசம், மூன்று விரல்.
வந்து நின்றது,
துப்புரவாக, குரலோடு, கீழே எழுத்தோடு.

கப்பலைத் தூக்கும் நூல் தெரிகிறது.
கிரகம் ஒரு திரைச்சீலை, நடுவில் மடிப்பு.
கறுப்பு வெள்ளையில்
நாவற்பழ நிறமென்று நான் சத்தியம் செய்த சட்டை
கடுகு மஞ்சள்.
நெற்றியைக் கண்ணாடியில் வைத்து
கப்ரன் உண்மையில் சொல்வது:
"குளிர்க் குழாய் ஒழுகுகிறது.
யாராவது வாளி கொண்டுவாருங்கள்."

சிரித்தேன். பிறகு
வாளி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

குருநகரில் ஐஸ்பெட்டி திருத்துகிறவனை
விடியமுன் எழுப்பினேன்.
"ஒண்டும் ஞாபகமில்லை," என்றான் றெஜினோல்ட்.
"கமுகில முசுறு கடிச்சது மட்டும் இருக்கு."
பொறு என்றேன்.
குரலை நிறுத்தினேன்.
நெற்றி கண்ணாடிக்கு வந்தது.
"இப்ப வாயசைக்கிறான்."

தொலைபேசியில் எவருடையதோ ஐஸ்பெட்டி
உறுமி ஓய்ந்தது.
ஒரு செருமல்.
பிறகு, தொண்டையை அகட்டி,
பதினொரு வயதுக் கப்ரன்:

"எண்ணெய் முடியப்போகுது.
சொல்லுறதைக் கெதியாச் சொல்லு."

கதவு நான்தான்.
என் முறை.
வாயைத் திறந்தபடி இருக்கிறேன்,
படம் ஓடுகிறது.