இணைப்பு: ஒன்று

எழிலகம். இரண்டாம் மாடி. தபால் பிரிவு.
கடலைப் பார்த்த ஜன்னல்.
காற்று வந்தால் மனுக்கள் எழுந்து நிற்கும்;
அதற்காகவே மேசைக்கொரு கருங்கல் துண்டு,
அரசு செலவில்.

திலகேஸ்வரியின் முதல் கடிதம்
வளசரவாக்கத்திலிருந்து வந்தது.
பின்கட்டு, மோட்டார் அறைக்கு அடுத்த கதவு.
"ஐயா, நீங்கள் நல்ல சுகமோ?
என்ர பிள்ளை குகதாசனைக் காணேல்லை.
சாவகச்சேரிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனவன்.
ஆராவது அதட்டினால் அவனுக்குச் சிரிப்பு வரும் ஐயா,
அதுதான் எனக்குப் பயம்."

பொருள் இல்லை. பார்வை இல்லை.
எந்தப் பிரிவுக்கு அனுப்புவது?
கண்காணிப்பாளர் ஓரத்தில் எழுதினார்:
மனு தெளிவாக இல்லை.
நான் தட்டச்சு செய்தேன்:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
அந்த வரிக்கு ஸ்டென்சிலே வெட்டி வைத்திருந்தோம்.

அதே வாரம் கஜபதி.
அமைதிப் படைச் சிப்பாய்.
வியாசர்பாடி வாரிய வீட்டை
மனைவி நவநீதம் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தான்.
"எனக்கு ஒண்ணும் ஆவாது சார்,
இருந்தாலும் சீக்கிரம் ஆவட்டும்."
பிறகு, கோட்டுக்கு வெளியே, பொடி எழுத்தில்:
"இங்க எல்லாரும் நம்ம பாஷைதான் பேசறாங்க.
கேக்காத மாதிரி நிக்கறதுதான் கஷ்டம்."

தாளைத் திருப்பினால்
ஒரு குழந்தையின் பெருக்கல் கணக்கு.
ஏதோ பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து கிழித்தது.
உள்வரவு எண் ஒரு பக்கத்துக்குத்தான் உண்டு.
குகதாசனுக்குப் பத்தொன்பது வயது என்று தெரிந்தும்
மூலையில் பாதி கிழிந்த பேரை
எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.
வேறு பிள்ளை. பெண் பிள்ளை.
ஆறு கணக்குகளுக்குச் சரி போட்டிருந்தது.
ஏழாவதைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.
எல்லோரும் கேன்டீன் போன நேரத்தில்
நான் போட்டுப் பார்த்தேன்.
சரிதான்.
'அவசரம்' எழுதுகிற சிவப்புப் பேனா
கையில்தான் இருந்தது.
மூடி வைத்தேன்.

வாரியம் கஜபதிக்குப் பதில் அனுப்பியது:
மனுதாரர் பதினைந்து நாளுக்குள் நேரில் வரவும்.

திலகேஸ்வரி எழுதிக்கொண்டே இருந்தாள்.
மூன்றாவதில் சுகம் விசாரிப்பதை விட்டாள்.
நான்காவதில் 'என்ர' போய் 'என்னுடைய' வந்தது.
ஆறாவதில் மரக்கறி இல்லை, சந்தை இல்லை,
அவன் சிரிப்பு இல்லை.
ஒன்பதாவது முழுத்தாளில் வந்தது,
இடப்பக்கம் ஓரம் விட்டு:

பொருள்: மகன் காணாமற்போனது –
தேடித் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலகக் கடிதங்கள் எட்டு.
மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின்
மேலான கவனத்திற்குப் பணிந்து
தெரிவித்துக்கொள்வது யாதெனில்

என்னுடைய வாக்கியங்கள்.
எட்டு முறை நான் அனுப்பியவை.
படித்துப் படித்துக் கற்றிருக்கிறாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதும்மா மனு" என்றார்.
உரிய நடவடிக்கைக்கு என்று
அன்றைக்கே சுருக்கெழுத்துப் போட்டார்.

தாளின் அடியில் இருந்தது:
இணைப்பு: ஒன்று.

உறையைக் கவிழ்த்தேன்.
விரல் விட்டுத் துழாவினேன்.
புகைப்படமா, பள்ளிச் சான்றிதழா?
மேசைக்கடியில் குனிந்தேன், கல்லைத் தூக்கினேன்.
ஜன்னல் காலையிலிருந்தே திறந்திருந்தது.

இதற்கென்று பதிவேட்டில் ஒரு கலம் இருக்கிறது.
எழுதிவிட்டு
மை ஒற்றும்போதுதான் கவனித்தேன்:
இணைப்பு காணேல்லை.

பதிவேட்டில்
அடித்தல் திருத்தல் கூடாது.